11 நிமிடத்துக்கு ஒருமுறை: கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள்

தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போகும் படத்தைத் தேர்தல் நேரத்துச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு கடிகாரமும் போகிறது. இணைய இணைப்பு எதுவும் இல்லாத இயந்திரம் அது. இயங்குதளம் என்று ஒன்றும் அதில் கிடையாது. ஆனாலும் வாக்குப்பதிவு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தக் கடிகாரம் சில நிமிடம் முன்பின்னாக ஓடினால் என்ன செய்வது? தேர்தல் ஆணையத்தின் நடைமுறை தெளிவானது. மாதிரி வாக்குப்பதிவின்போது கட்டுப்பாட்டுக் கருவியின் திரையில் தெரியும் தேதியையும் நேரத்தையும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் உண்மையான நேரத்தோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் அதைச் சான்றிதழில் எழுதி வைக்க வேண்டும். கடிகாரத்தைத் திருப்பி வைப்பது அவர் வேலை அல்ல.

மேசைமேல் இருக்கும் கணினி இதற்கு நேர்மாறு. லினக்ஸ் ஓடும் கணினி ஒன்று இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெற்றுவிட்டால், அதன் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை மதர்போர்டில் உள்ள கடிகாரத்தின்மேல் தன் நேரத்தை எழுதிவிடுகிறது. அதற்கு முன் அந்தக் கடிகாரம் எவ்வளவு தவறாக ஓடியது என்பதை எங்கும் குறித்து வைப்பதில்லை. பிழையைத் திருத்திவிடுவதா, பிழையைக் குறித்துக்கொண்டு கடிகாரத்தை அதன் போக்கில் விடுவதா? வன்பொருள் கடிகாரம் பற்றிய விவாதம் எங்கே தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. மின்வெட்டும் வெயிலும் விட்டுவிட்டு வரும் சிக்னலும் உள்ள தருமபுரி போன்ற மாவட்டத்திலிருந்து பார்த்தால், இதற்கான விடை பெங்களூரு டேட்டா சென்டரில் கிடைக்கும் விடையாக இருக்காது என்பது என் கருத்து.

கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. முதலாவது, நாணயம் போன்ற பேட்டரியை நம்பி மதர்போர்டில் ஓடும் வன்பொருள் கடிகாரம். 1984-இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியில் மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சில்லு இந்த வேலைக்கு வைக்கப்பட்டது. இன்றைய கணினியில் அந்தத் தனிச் சில்லைத் தேடினால் கிடைக்காது. வேறொரு பெரிய சில்லுக்குள் அது அடங்கிவிட்டது. ஆனால் கெர்னல் அதனோடு பேசும் முறை இன்னமும் 1984-இன் முறைதான். அதற்குத் துடிப்புக் கொடுப்பது விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் மிச்சமில்லாமல் ஒன்று வரும். விநாடிக்கு ஒரு துடிப்பு என்று எளிதாக எண்ணலாம் என்பதால்தான் இந்தத் தேர்வு.

இரண்டாவது, கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் கடிகாரம். இது பிராசசரில் ஓடும் ஒரு எண்ணியைப் பார்த்து நானோவிநாடிக் கணக்கில் நேரத்தைச் சொல்லும். கோப்பைச் சேமிக்கும்போது விழும் நேரமுத்திரை, திரையின் மூலையில் தெரியும் மணி எல்லாம் இதிலிருந்துதான். மின்சாரம் போனால் இதுவும் போய்விடும்.

ஆக, ஒன்று நிலைத்து நிற்கும், ஆனால் நுட்பமில்லை. மற்றது நுட்பமானது, ஆனால் நிலையில்லை. பவர் பட்டனை அழுத்தியதும் கெர்னல் வன்பொருள் கடிகாரத்தை ஒருமுறை படித்துத் தன் கடிகாரத்தைத் தொடங்குகிறது. அந்தக் கடிகாரம் முழு விநாடிகளில் மட்டுமே பேசும் என்பதால், படித்த விநாடி தொடங்கி எவ்வளவு ஆயிற்று என்று கெர்னலுக்குத் தெரியாது. சராசரியாகப் பாதி இருக்கும் என்று ஒத்துக்கொண்டு அரை விநாடியைக் கூட்டிக்கொள்கிறது. மடிக்கணினியை மூடித் தூங்க வைத்துவிட்டுத் திறக்கும்போதும், எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று கேட்பதற்குப் பெரும்பாலான கணினிகளில் இந்தக் கடிகாரத்தைவிட்டால் வேறு ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு விநாடிக்குள் பிழை வரலாம். பத்து முறை மூடித் திறந்தால் அது சேர்ந்துகொண்டே போகாமல் இருக்க, முந்தைய வித்தியாசத்தை நினைவில் வைத்துக் கழிக்கும் கணக்கும் கெர்னலில் உண்டு. தூக்கத்துக்கு மட்டும் கெர்னல் இவ்வளவு கவனமாகக் கணக்கு வைக்கிறது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

வெயிலும் பேட்டரியும்

மலிவான படிகம் ஒன்றின் பிழை பத்து லட்சத்துக்கு 20 பங்கு என்பது சாதாரணம். கேட்கச் சிறியதாகத் தெரியும். நாளொன்றுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறத்தாழ 52 விநாடி. விடுமுறையில் இரண்டு மாதம் பூட்டிக்கிடந்த பள்ளிக் கணினிக்கூடத்தில் ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு மணி காட்டுவதற்கு இதுவே போதும்.

இது படிகம் பிறந்தபோதே கொண்டுவந்த பிழை. இதன்மேல் வெப்பநிலையின் பிழை சேர்கிறது. இந்த வகைப் படிகம் 25 டிகிரியை ஒட்டி நன்றாக ஓடும்படி வெட்டப்படுகிறது. அங்கிருந்து வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகிறது. பிழை வெப்ப வேறுபாட்டின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். ஒரு டிகிரி வர்க்கத்துக்குப் பத்து லட்சத்தில் 0.034 பங்கு என்பது தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. தருமபுரியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மின்விசிறி ஓடாத அறையில் உள்ள பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 20, வர்க்கம் 400, பிழை 13.6 பங்கு. நாளொன்றுக்கு 1.2 விநாடி பின்னடைவு. அதே மாவட்டத்தில் வத்தல்மலையின் மார்கழிக் குளிரில் 10 டிகிரிக்கு இறங்கினால் வேறுபாடு 15. அப்போதும் கடிகாரம் பின்னோக்கித்தான் போகும், முன்னால் போகாது. வெயிலுக்குத் தளர்ந்தது குளிருக்கு ஈடுகட்டிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இதற்கு வன்பொருளிலேயே தீர்வு உண்டு. டிஎஸ்3231 என்ற சில்லு தன் வெப்பநிலையைத் தானே அளந்து படிகத்தைச் சரிசெய்துகொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை அதன் பிழை பத்து லட்சத்துக்கு 2 பங்குக்குள், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். சென்னை ரிச்சி தெருவில் ஆர்டுயினோ வாங்கும் மாணவர்களுக்கு இது பழகிய சரக்கு. ஆயிரக்கணக்கில் வாங்கப்படும் அலுவலகக் கணினிகளின் மதர்போர்டில் இதைக் காண முடியாது.

பேட்டரிக்கு வருவோம். சிஆர்2032 என்ற அந்த வட்டச் செல்லின் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி. கடிகாரம் 3 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் 75,000 மணி நேரம், எட்டரை ஆண்டு வரும். 6 இழுத்தால் நான்கு ஆண்டுதான். ஆனால் இது பேட்டரி மட்டுமே சுமை தாங்கும் கணக்கு. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடும். பேட்டரி சும்மா இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் ஊர்ப் பழக்கம். பள்ளிகளில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் பூட்டுகிறார்கள். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் கிராமங்கள் நாளில் பாதிக்கு மேல் மின்சாரமின்றி இருந்தன. பெரு நகரத்தில் எட்டாண்டு தாண்டியும் உழைக்கும் பேட்டரி இங்கே பாதிக் காலத்தில் கைவிடுவதற்குக் காரணம் பேட்டரியின் தரம் மட்டும் அல்ல.

பேட்டரி தீர்ந்த கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் தேதி, நேரம் அமைக்கப்படவில்லை, எஃப்1 அழுத்தவும் என்று ஒரு வரி வரும். யாரோ ஒரு மாணவன் அழுத்திவிடுவான். தேதி பல ஆண்டு பின்னே போயிருக்கும். பிரௌசரைத் திறந்தால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது, ஏனென்றால் தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி நினைக்கிறது. “நெட் ஒர்க் ஆகலை சார்” என்று புகார் போகும். நெட்டில் பழுது தேடிக்கொண்டு ஒரு வாரம் ஓடிவிடும்.

ஐந்தரை மணி நேரம்

இயங்குதளங்களுக்கிடையே தீராத ஒரு வழக்கு, வன்பொருள் கடிகாரத்தில் எந்த ஊர் நேரத்தை வைப்பது என்பது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கச் சொல்லும். திரையில் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். விண்டோஸ், டாஸ் காலத்துப் பழக்கத்தை விடாமல், உள்ளூர் நேரத்தையே கடிகாரத்தில் எழுதும். இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் ஒன்று எழுதியதை மற்றது தவறாகப் படிக்கும்.

தமிழ்நாட்டில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க கால இயந்திரங்களில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒன்றாகவே வந்தன. தருமபுரியின் அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோன மடிக்கணினியில், இந்தக் கடிகார வழக்கின் இரு தரப்பும் ஒரே ஹார்டு டிஸ்கில் குடியிருந்தன. பாஸின் அடித்தளமான டெபியனின் நிறுவி, விண்டோஸ் இருப்பதைக் கண்டால் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும் அளவுக்கு விவரமானது. பின்னாளில் வேறொரு லினக்ஸைப் போட்டுக்கொண்டவர்களுக்கோ, விண்டோஸை மறுபடி நிறுவியவர்களுக்கோ, காலை 9 மணி என்பது பிற்பகல் 2.30 ஆகவோ அதிகாலை 3.30 ஆகவோ மாறிப்போகும் அனுபவம் கிடைத்திருக்கும்.

இந்த இடத்தில் கெர்னலின் பழைய நிரலில் ஒரு சுவையான துண்டு உண்டு. பிசி கணினிகளுக்கான லினக்ஸ் கெர்னல் 2013 வரை, வன்பொருள் கடிகாரத்தைத் திருத்தும்போது நிமிடத்தையும் விநாடியையும் மட்டுமே எழுதியது. மணியையும் தேதியையும் தொடவில்லை. காரணம், கடிகாரத்தில் எந்த ஊர் நேரம் இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. நியூயார்க்கோ டோக்கியோவோ, உலக நேரத்திலிருந்து முழு மணிக் கணக்கில்தான் விலகியிருக்கும். நிமிட முள் எங்கும் ஒரே இடத்தில். ஆகவே நிமிடத்தை மட்டும் சரிசெய்தால் யாருடைய மணியும் கெடாது. அப்படியானால் இந்தியா? அதற்காகவே தனியாக ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. கெர்னலின் நிமிடத்துக்கும் கடிகாரத்தின் நிமிடத்துக்கும் இடைவெளி அரை மணியை ஒட்டி இருந்தால், அது அரை மணி நேர மண்டலம் என்று கொண்டு 30-ஐக் கூட்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உலக நேரம் 4.10. தருமபுரியில் 9.40. கடிகாரத்தில் நிமிடம் 40. கெர்னலுக்குத் தெரிந்த நிமிடம் 10. இடைவெளி 30. அந்த வரி 30-ஐக் கூட்டி 40 என்றே எழுதும். 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து 1906-இல் இந்தியாவுக்கு வகுத்த நேரம், பின்லாந்தில் பிறந்த ஒரு கெர்னலுக்குள் நுழைந்த வழி இது. 5.45 வைத்திருக்கும் நேபாளத்தை அந்த வரி கணக்கில் எடுக்கவே இல்லை. வன்பொருள் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தாலும் இந்த உத்தி வேலை செய்யாது. பேட்டரி தீர்ந்து தேதியே பல ஆண்டு பின்னே போன கணினிக்கு, அதாவது உதவி அதிகம் தேவைப்படும் கணினிக்கு, பழைய கெர்னல் தேதியைத் திருத்தவே இல்லை.

2013-இல் அந்த எல்லை நீக்கப்பட்டது. கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடுகிறதா என்பதைக் கெர்னலே அறிந்துகொள்ளும் வழி அதற்குள் வந்துவிட்டது. கணினி தொடங்கும்போது, நேர மண்டலம் உலக நேரத்திலிருந்து 330 நிமிடம் விலகியது என்று ஒருமுறை கெர்னலிடம் சொல்லிவிட்டால், அது எழுதும்போதெல்லாம் அந்த 330-ஐச் சேர்த்துக்கொள்ளும். அரை மணி வரி தேவையற்றுப் போனது. என்னைக் கேட்டால் இரட்டை இயங்குதளம் உள்ள கணினியிலும் விண்டோஸைத்தான் உலக நேரத்துக்கு மாற்ற வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்தால் அது கேட்டுக்கொள்கிறது.

எழுதுவதில் உள்ள நுணுக்கம்

கெர்னல் எப்போது எழுதத் தொடங்குகிறது? பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985-இல் வெளியிட்ட என்டிபி நெறிமுறை, இணையம் வழியே கணினிகளின் நேரத்தை ஒன்றுபடுத்தும் வழி. 1994-இல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆவணம், நேரத்தைத் திருத்தும் வேலையின் ஒரு பகுதியைக் கெர்னலுக்குள்ளேயே வைக்கச் சொன்னது. சேவையகத்தோடு பேசும் நிரல் வெளியே இருக்கும். கடிகாரத்தை வேகப்படுத்துவதும் தளர்த்துவதும் கெர்னல் செய்யும். ஒத்திசைவு கிடைத்துவிட்டது என்று வெளியே உள்ள நிரல் கெர்னலிடம் ஒரு கொடியை இறக்கிச் சொல்லும். அந்தக் கணத்திலிருந்து, ஏறத்தாழ 11 நிமிடத்துக்கு ஒருமுறை, வன்பொருள் கடிகாரம் திருத்தப்படும். 10 இல்லாமல் ஏன் 11 என்று கெர்னல் நிரலில் உள்ள குறிப்பு சொல்லாது.

வெளியே உள்ள நிரல் பேசாமல் போனால், கெர்னல் தன் நேரத்தின்மீது வைத்திருக்கும் நம்பிக்கையை விநாடிக்கு 500 மைக்ரோவிநாடி வீதம் குறைத்துக்கொண்டே வரும். சந்தேகம் 16 விநாடியை எட்டியதும் கொடி மீண்டும் ஏறிவிடும்; எழுதுவது நின்றுவிடும். 16-ஐ 500 மைக்ரோவால் வகுத்தால் 32,000 விநாடி, ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தனக்குத் தெரியாததைப் பிறர்மேல் திணிக்காத இந்த ஒழுக்கம் கெர்னலில் எனக்குப் பிடித்த அம்சங்களில் ஒன்று.

எழுதும் கணமும் முக்கியம். பழைய மோட்டோரோலா சில்லுக்கு ஒரு குணம்: நேரத்தை எழுதி விடுவித்த பின், அடுத்த விநாடி சரியாக அரை விநாடி கழித்துப் பிறக்கும். ஆகவே 10 மணி 20 நிமிடம் 30 விநாடி என்று எழுத வேண்டுமானால், உண்மையில் அந்த விநாடி பாதி கழிந்த நொடியில் எழுத வேண்டும். கெர்னல் அதற்காகக் காத்திருந்து எழுதியது. பிறகு செல்போன்களிலும் சிறு பலகைகளிலும் வேறு வகைச் சில்லுகள் வந்தன. எழுதிய கணத்திலேயே அவை விநாடியைப் புதிதாகத் தொடங்கும். அவற்றுக்கும் அரை விநாடிக் கணக்கையே போட்டதால் தேவையற்ற அரை விநாடிப் பிழை வந்தது. எந்தச் சில்லுக்கு எவ்வளவு என்பதை அதனதன் டிரைவரே சொல்லட்டும் என்ற வழி 2017-இல் வந்தது. 2020 டிசம்பரில் தாமஸ் கிளைக்ஸ்னர் அதை இன்னும் சீராக்கினார். அரை விநாடிக்காக இவ்வளவு பாடா என்று கேட்கலாம். மாதம் 52 விநாடி தவறும் படிகத்தை வைத்துக்கொண்டு அரை விநாடிக்கு மல்லுக்கட்டுவது எனக்கும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

குறித்துக்கொள்பவர்கள்

கடிகாரத்தின் பிழையைக் குறித்துக்கொள்ளும் வழி கணினிக்கு முன்பே இருந்தது. கப்பல்களில் குரோனோமீட்டர் வைத்திருந்தவர்கள் அதன் முள்ளைத் தொட மாட்டார்கள். நாளுக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று குறிப்பேட்டில் எழுதி, கணக்கில் கழித்துக்கொள்வார்கள். ஒரே சீராகத் தவறும் கடிகாரம் நல்ல கடிகாரம். அதன் தவற்றை அறிந்தவருக்கு அது சரியான நேரத்தையே சொல்கிறது.

லினக்ஸில் ஹெச்டபிள்யூகிளாக் என்ற கட்டளை இந்தக் குறிப்பேட்டை வைத்திருக்கிறது. அட்ஜ்டைம் என்ற சிறு கோப்பில் மூன்றே வரிகள்: நாளுக்கு எத்தனை விநாடி பிழை, கடைசியாக எப்போது ஒப்பிட்டோம், கடிகாரத்தில் இருப்பது உலக நேரமா உள்ளூர் நேரமா. மூன்று மாதம் அணைந்து கிடந்த கணினியும் இதை வைத்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் 11 நிமிட வழக்கம் ஓடும் கணினியில் அந்த முதல் வரி பொருளற்றது, ஏனென்றால் பிழை சேர்வதற்குள் கெர்னல் அழித்துவிடுகிறது. அந்தக் கட்டளையின் கையேடே இதை எச்சரிக்கிறது.

குரோனி என்ற நிரல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ரிச்சர்ட் கர்னோ 1990-களின் பிற்பகுதியில் இதை எழுதியபோது, எப்போதும் இணையத்தில் இருக்கும் சேவையகம் அவர் மனத்தில் இல்லை; தொலைபேசி வழியே எப்போதாவது இணையும் வீட்டுக் கணினிதான் இருந்தது. சிக்னல் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் வன்பொருள் கடிகாரத்தின் விலகலையும் வேகத்தையும் அளந்து ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளும். கணினி மீண்டும் தொடங்கும்போது அந்தக் கணக்கைப் போட்டு நேரத்தை அமைக்கும். தருமபுரியின் சித்தேரி மலையில் உள்ள ஒரு கணினிக்கென்றே எழுதியது போல இருக்கிறது. ஆனால் டெபியனும் ஃபெடோராவும் குரோனியைத் தரும்போது, இந்த வசதியை விட்டுவிட்டு 11 நிமிட வழக்கத்தையே முன்னிருப்பாக வைத்துத் தருகின்றன.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். குறிப்பேட்டு முறையின் பழைய வடிவம், கணினியை முறையாக அணைக்கும்போது நேரத்தை எழுதும். மின்வெட்டு முறையாக அணைக்க விடாது. யுபிஎஸ் பேட்டரி போய்விட்ட கூடத்தில் படாரென்று அணையும் கணினிக்கு, அதிகபட்சம் 11 நிமிடம் முன்பு எழுதிய நேரம் கையிருப்பில் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல்தான். குரோனியின் முறைக்கு வன்பொருள் கடிகாரம் விநாடிக்கு ஒருமுறை கெர்னலுக்குக் குரல் கொடுக்க வேண்டும். எல்லாச் சில்லுகளின் டிரைவரும் அதைச் செய்வதில்லை.

கடிகாரமே இல்லாத கணினிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-இல் வந்த ஐந்தாம் தலைமுறைக்கு முன்பு வரையிலான ராஸ்பெரி பையில் வன்பொருள் கடிகாரமே கிடையாது. கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, மீண்டும் தொடங்கும்போது அங்கிருந்து எண்ணத் தொடங்கும். மழைமானியோ நீர்மட்டக் கருவியோ செய்து வயலில் வைத்தால், மின்சாரம் போன ஆறு மணி நேரம் அதன் பதிவேட்டில் இருக்காது. மாலை மழை நண்பகலில் பெய்ததாகப் பதிவாகும். சில நூறு ரூபாய்ச் சில்லு ஒன்றைச் சேர்க்காமல் இத்தகைய கருவியை வயலில் வைப்பது வீண்.

யாருக்கு எத்தனை விநாடி

எல்லாருக்கும் ஒரே துல்லியம் வேண்டியதில்லை. தருமபுரியில் பவர்கிரிட் நிறுவனத்தின் 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. மின்தொகுப்பில் இத்தகைய இடங்களில் அலையின் கோணத்தை அளக்கும் கருவிகள் செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை வாங்குகின்றன; 50 சுழற்சி மின்சாரத்தில் ஒரு மைக்ரோவிநாடி பிழை 0.018 டிகிரி கோணப் பிழை. அங்கே மதர்போர்டு கடிகாரத்துக்கு வேலையே இல்லை.

மறு கோடியில் ரேஷன் கடையும் இ-சேவை மையமும். விரல்ரேகை வைத்து ஆதாரைச் சரிபார்க்கும்போது, அந்தக் கணத்தின் நேரமும் தகவலோடு சேர்ந்து ஆதார் ஆணையத்தின் சேவையகத்துக்குப் போகிறது. நேரம் மிகப் பழையதாக இருந்தால் 561, எதிர்காலத்தில் இருந்தால் 562 என்று பிழை எண் திரும்பி வரும். இங்கே மைக்ரோவிநாடி வேண்டாம். சில நிமிடப் பிசகும் பொறுக்கப்படும். ஆனால் பேட்டரி தீர்ந்த கணினி ஆண்டுக் கணக்கில் பிசகும். ஐந்தரை மணி நேர வழக்கில் சிக்கிய கணினி எதிர்காலத்துக்குள் போய் நிற்கக்கூடும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பாட்டிக்கு ரேகை விழவில்லை என்று சொல்லப்படும்.

சட்டமும் இப்போது கடிகாரத்தைக் கேட்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, நிறுவனங்களின் கணினிகள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைய வேண்டும் என்றது. இந்திய நேரத்தைக் காக்கும் பொறுப்பு புதுதில்லியில் உள்ள அந்த ஆய்வகத்துடையது. அங்கிருந்து அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், ஃபரிதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து இடங்களின் எடையளவு ஆய்வகங்கள் வழியாக நேரத்தைப் பரப்பும் திட்டமும் உண்டு; பெங்களூரு தருமபுரிக்கு ரயில் ஏறினால் எட்டும் தூரம். இதெல்லாம் இணைப்பு இருக்கும்வரைக்கும்தான். இணைப்பு இல்லாத மணி நேரங்களில் அந்த ஐந்து ஆய்வகங்களின் அணுக் கடிகாரங்களும் சேர்ந்து, 32,768 முறை துடிக்கும் ஒரு மலிவுப் படிகத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகின்றன.

என் தீர்ப்பு இது. 11 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுவது தவறல்ல. எழுதும் முன் படித்துப் பார்க்காததுதான் தவறு. எழுதப்போகும் நொடியில் பழைய நேரத்துக்கும் புதிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் குறித்து வைத்தால், மின்வெட்டுக்கான பாதுகாப்பும் கிடைக்கும், குறிப்பேடும் கிடைக்கும். தூங்கி எழும்போது போடும் அதே கணக்கைக் கெர்னல் இங்கே போட மறுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. சில சில்லுகளில் படிகத்தின் வேகத்தை நுணுக்கமாகத் திருத்தும் வசதி உண்டு. அதை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அலகில் அமைக்கும் வாசல் 2016 முதல் கெர்னலிலும் இருக்கிறது. பிழையை அளந்து அந்த வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை முன்னிருப்பாகச் செய்யும் நிரலை மட்டும் பெரிய வினியோகங்கள் எதுவும் தருவதில்லை.

அதுவரைக்கும் பள்ளிக் கணினிக்கூடத்தையோ இ-சேவை மையத்தையோ பார்த்துக்கொள்பவர்களுக்குச் சில யோசனைகள். வன்பொருள் கடிகாரத்தை உலக நேரத்தில் வையுங்கள். மெயின் சுவிட்சை இறக்கும் பழக்கம் இருந்தால் நான்காண்டுக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றுங்கள். எஃப்1 கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினிக்கு 11 நிமிட வழக்கமே போதும். வாரத்தில் சில மணி நேரமே சிக்னல் பார்க்கும் கணினியில் குரோனியை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் ஆர்டிசிஃபைல் என்ற வரியைச் சேர்த்து, தொடங்கும்போது அந்தக் கணக்கிலிருந்து நேரத்தை எடுக்கும் எஸ் விருப்பத்தையும் கொடுங்கள். அந்த வரியைச் சேர்க்கும்போது, ஏற்கெனவே இருக்கும் ஆர்டிசிசிங்க் வரியை நீக்க மறந்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றாக ஓடாது.